காரின் பெயின்டில் உள்ள சுழல் கோடுகளையும் கீறல்களையும் பாலிஷ் செய்து எடுப்பது: முழுமையான வழிகாட்டி

காரைக் கழுவித் துடைத்து நிழலில் நிறுத்தினால் புதுசு போலத்தான் இருக்கும். அதே காரை வெயிலுக்கு நகர்த்தி, பானெட்டில் சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைப் பாருங்கள். சிலந்தி வலை பின்னிய மாதிரி மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். கறுப்பு, கருநீல வண்டிகளில் இது கண்ணை உறுத்தும். வெள்ளை, வெள்ளி நிற வண்டிகளிலும் கோடுகளுக்குக் குறைவிருக்காது, நிறம் அவற்றை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். ஸ்வெர்ல் மார்க் என்று சொல்வது இவற்றைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோடுகளில் பெரும்பாலானவை வட்டமே கிடையாது. எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும் சின்னச் சின்னக் கோடுகள். ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் நம் கண்ணை நோக்கி மின்னுவதால், விளக்கைச் சுற்றி வட்டமாக அடுக்கியது போலத் தோன்றும். விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். ‘வட்டமாகத் துடைத்ததால் வந்தது, நேராகத் துடைத்தால் வராது’ என்று சொல்வதில் பெரிய உண்மை இல்லை. மண் துகள் சிக்கிய துணியால் எப்படித் துடைத்தாலும் கீறும். தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் தட்டித் துடைப்பது, சுழலும் பிரஷ் வைத்த தானியங்கிக் கழுவுமிடங்கள், ஒரே வாளித் தண்ணீரில் திரும்பத் திரும்ப முக்கி எடுக்கும் ஸ்பாஞ்ச் ஆகியவைதான் முக்கியக் குற்றவாளிகள்.

பாலிஷ் என்ன செய்கிறது

இப்போதைய கார்களில் உலோகத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். பளபளப்பு அந்தக் கடைசி அடுக்கில் இருக்கிறது. அதன் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நாம் அச்சடிக்கப் பயன்படுத்தும் சாதாரண வெள்ளைத் தாள் சுமார் 100 மைக்ரான் இருக்கும். அந்தத் தாளில் பாதித் தடிமனே உள்ள அடுக்கைத்தான் நாம் மெஷின் வைத்துத் தேய்க்கப் போகிறோம்.

பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பைச் சீவி மட்டமாக்குகிறது. பள்ளம் ஆழமாக இருந்தால் அதற்கேற்ப அதிகம் சீவ வேண்டும். லேசான பாலிஷில் ஒரு மைக்ரானோ அதற்கும் குறைவாகவோ போகும், காம்பவுண்ட் எனப்படும் கடுமையான தேய்ப்புத் திரவத்தில் அதைப் போலப் பல மடங்கு போகும். போனது போனதுதான், திரும்ப வராது. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதே அடுக்குதான் என்பதால், மிக மெல்லியதாகிவிட்டால் சில வருடங்களில் வெளுத்து, பொரிப் பொரியாக உரியத் தொடங்கும். அப்புறம் மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழி இல்லை.

சில திரவங்கள் எண்ணெய்ப் பசையாலும் நிரப்பிகளாலும் கீறலை மூடி மறைக்கும். அன்றைக்கு அற்புதமாக இருக்கும், நாலு தடவை கழுவியதும் பழைய கோடுகள் எட்டிப் பார்க்கும். விற்கப் போகும் வண்டிக்கு அப்படிச் செய்பவர்கள் உண்டு. வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கீறல் போகும், எது போகாது

விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் சிக்காமல் வழுக்கிப் போனால் பாலிஷில் போய்விடும், அல்லது கண்ணில் படாத அளவுக்கு மங்கிவிடும். நகம் சிக்கினால் முழுதாக எடுக்க முயல வேண்டாம். தண்ணீரும் ஒரு துப்புக் கொடுக்கும். கீறலை நனைத்ததும் அது மறைந்துபோனால் சேதம் கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். நனைத்தும் வெள்ளையாகவோ வேறு நிறமாகவோ தெரிந்தால் பிரைமர் வரை, சில சமயம் உலோகம் வரை போயிருக்கும். அது டச்-அப் பெயின்ட்டுக்கான வேலை.

கீறல் போலத் தெரிவதெல்லாம் கீறலும் இல்லை. இடித்த சுவரின் வண்ணமோ மற்ற வண்டியின் பம்பர் கறுப்போ மேலே ஒட்டியிருக்கலாம். தார் நீக்கும் திரவத்தைத் துணியில் எடுத்துத் துடைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும்.

இன்னும் சில விஷயங்களை முன்பே பார்த்துவிட வேண்டும். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் என்றால் மெஷினைத் தொடவே வேண்டாம், தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாகத் தெரியும், அதைச் சரிசெய்ய முடியாது. பெயின்டின் மேல் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருக்கிறதா என்று கதவு விளிம்புகளில் பாருங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் கிளியர் கோட்டே இருக்காது, நிறமே கடைசி அடுக்கு. மூலையில் கொஞ்சம் பாலிஷ் போட்டுக் கையால் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறம் ஏறும். அது தெரியாமல் ஆரம்பித்தால், மெஷினில் பொருத்தித் தேய்க்கும் பேட் சிவப்பாகிவிட்டதே என்று நடுவில் பதற நேரிடும்.

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி கிடைத்தால் நல்லது. ஒவ்வொரு பாகத்திலும் நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரானுக்குள் வரும். ஒரு கதவில் மட்டும் 250, 300 என்று காட்டினால் அது மறுபடி பெயின்ட் அடித்த பாகம். ஆனால் கருவி காட்டுவது எல்லா அடுக்கும் சேர்ந்த மொத்தத்தை. அதில் கிளியர் கோட் எவ்வளவு என்று சொல்லாது. அதனால் எண் பெரிதாக இருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம். சாதாரணக் கருவிகள் பிளாஸ்டிக் பம்பரில் வேலையும் செய்யாது.

மெஷின், பேட், திரவம்

மெஷினில் இரண்டு வகை முக்கியம். ரோட்டரி ஒரே அச்சில் சுழலும், வேகமாகச் சீவும், வேகமாகச் சூடாகும். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் சுழன்றுகொண்டே இங்குமங்கும் ஆடும். அழுத்தம் கூடினால் சுழற்சி தானாக நின்றுவிடும். தொடக்கக்காரருக்கு அந்தக் குறைதான் காவல். வீட்டில் செய்பவர் யாராக இருந்தாலும் டூயல் ஆக்‌ஷனையே சொல்வேன். ஆட்டத்தின் அகலம் 8, 15, 21 மில்லிமீட்டர் என்று பல அளவுகளில் வரும். வளைவு நெளிவு அதிகமுள்ள வண்டிக்கு 15 போதும். 21 அகலமான பானெட்டிலும் கூரையிலும் சீக்கிரம் முடிக்கும், குறுகிய இடங்களில் திணறும்.

சொந்தக் கதை ஒன்று. முதன்முதலில் ரோட்டரியைக் கையில் எடுத்தபோது, பானெட் முகட்டில் ஓரிடம் மட்டும் மங்கலாகத் தெரிகிறதே என்று மேலும் நாலு தடவை ஓட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிற பிரைமர். அந்த மங்கல், பெயின்ட் முடிந்துபோகிறது என்று கொடுத்த எச்சரிக்கை. அதை அழுக்கு என்று நினைத்துவிட்டேன்.

பேட்களில் கம்பளியும் மைக்ரோஃபைபரும் அதிகம் சீவும், ஃபோம் பேட் கடினம், நடுத்தரம், மென்மை என்று தரம் பிரித்து வரும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நிறுவனத்தின் ஆரஞ்சு இன்னொன்றின் மஞ்சளாக இருக்கும். நடுத்தர ஃபோம் பேட் குறைந்தது நாலு, மென்மையானது இரண்டு, கடினமானது இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பேட்டில் முழுக் காரையும் முடிக்க முடியாது. சூடாகி, ஈரம் ஊறி, சீவும் திறனை இழந்துவிடும்.

காம்பவுண்ட் கடுமையானது, பாலிஷ் மென்மையானது. இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு துகள்கள். சில திரவங்களில் துகள் தேய்க்கத் தேய்க்க நொறுங்கிப் பொடியாகும், அவற்றை முழுச் சுற்றும் ஓட்டினால்தான் கடைசிப் பளபளப்பு வரும். வேறு சிலவற்றில் துகள் முதலிலிருந்தே மிகப் பொடியாக இருக்கும், கடைசிவரை அதே வேகத்தில் சீவும். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படியுங்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

இவற்றோடு பத்துப் பதினைந்து சுத்தமான மைக்ரோஃபைபர் துணிகள், மாஸ்கிங் டேப், பிரகாசமான எல்இடி விளக்கு, பேட் துலக்கும் பிரஷ், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முகமூடி ஆகியவையும் வேண்டும். கையில் மோதிரம், கடிகாரம், இடுப்பில் பெல்ட் பக்கிள் இருந்தால் கழற்றிவிடுங்கள். கீறலை எடுக்கக் குனிந்து புதுக் கீறல் போட்டவர்கள் நிறையப் பேர்.

கழுவுதல்

இதை அவசரமாக முடித்தால் பின்னால் வரும் எல்லா உழைப்பும் வீண். பெயின்டில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் பேட்டுக்குள் போனால், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆடும் அந்த மெஷின் அதையும் சேர்த்துத்தான் தேய்க்கும்.

1. முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தளர்ந்த மண்ணை இறக்குங்கள். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் கழுவும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள், கதவின் அடிப்பகுதி கடைசி.

2. பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் பெயின்டில் குத்தி நிற்கும். அதற்கென்றே உள்ள இரும்பு நீக்கியைத் தெளித்தால் ஊதா நிறமாகி வழியும். நாற்றம் குடலைப் பிரட்டும், திறந்த வெளியில் செய்யுங்கள். காயவிடாமல் கழுவுங்கள். தார்ப் புள்ளிகளுக்குத் தனித் திரவம்.

3. இப்போது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பெயின்டைத் தடவுங்கள். சொரசொரப்பு துல்லியமாகத் தெரியும். அங்கே கிளே பார் தேவை, ஒட்டிய அழுக்கைப் பிடுங்கி எடுக்கும் களிமண் போன்ற கட்டி அது. வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல், நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். கிளே அழுக்கானால் மடித்துப் புதுப்பக்கத்தை எடுங்கள். தரையில் விழுந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஆசைப்பட வேண்டாம். கிளே தன் பங்குக்கு லேசான கோடுகள் போடும். பாலிஷ் செய்யத்தானே போகிறோம், கவலை இல்லை.

4. நன்றாக உலர்த்தி, பிளாஸ்டிக் ஓரங்கள், ரப்பர் பட்டை, சின்னங்கள், விளக்கு விளிம்புகள், கூரான உடல் மடிப்புகள் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டுங்கள். பெயின்ட் மெலிந்து நிற்பது மடிப்புகளிலும் விளிம்புகளிலும்தான். டேப் ஒட்ட அலுப்பாக இருந்தால் என் பானெட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக் கட்டம்

எந்த பேட்டோடு எந்தத் திரவம் சேர வேண்டும் என்பதற்கு யாரிடமும் தயார்ப் பதில் கிடையாது. சில வண்டிகளின் கிளியர் கோட் கல் மாதிரி, சிலவற்றில் துணி பட்டாலே கோடு விழும். ஒரே வண்டியில் மறுபடி பெயின்ட் அடித்த கதவு வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் பானெட்டில் சுமார் 50 சென்டிமீட்டர் சதுரத்தை டேப் ஒட்டிப் பிரித்துக்கொண்டு அங்கே கண்டுபிடியுங்கள்.

மென்மையான கூட்டணியில் தொடங்க வேண்டும். நடுத்தர ஃபோம் பேட், மென்மையான பாலிஷ். ஒரு முழுச் சுற்று ஓட்டி (ஓட்டும் முறை அடுத்த பகுதியில் இருக்கிறது), துடைத்து விளக்கடியில் பாருங்கள். கோடுகள் போய்விட்டனவா? அதுவே போதும், வண்டி முழுக்க அதையே செய்யலாம். பாதி போயிருந்தால் முதலில் திரவத்தை மாற்றுங்கள், காம்பவுண்ட் போடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் பேட்டை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

எத்தனை சதவீதம் போனால் போதும் என்பதையும் இங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தினமும் ஓட்டும் வண்டியில் பத்தில் எட்டுக் கோடு மறைந்தாலே ஆள் மாறிய மாதிரி இருக்கும். மீதி இரண்டை எடுக்க இன்னொரு மடங்கு பெயின்டைச் செலவழிப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. கண்காட்சி வண்டி என்றால் உங்கள் விருப்பம்.

மெஷினை ஓட்டுவது

வண்டி நிழலில் நிற்க வேண்டும், தகடு தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். வெயிலில் திரவம் காய்ந்து பேட்டில் பிசுபிசுக்கும்.

புது பேட்டில் முதல் தடவை திரவத்தைப் பரப்பெங்கும் விரலால் மெல்லிதாகத் தடவிவிடுங்கள். அடுத்தடுத்து பட்டாணி அளவில் மூன்று நாலு சொட்டு போதும். மெஷினை இயக்குவதற்கு முன்பே பேட்டைத் தகட்டில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் திரவம் முகத்திலும் கண்ணாடியிலும் தெறிக்கும். நிறுத்தும்போதும் பேட் தகட்டில் இருக்கும்போதே நிறுத்தித்தான் தூக்க வேண்டும். மின்கம்பியைத் தோள் மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

குறைந்த வேகத்தில், மெஷினின் வேகத் திருகில் ஒன்று அல்லது இரண்டில், திரவத்தைக் கட்டம் முழுக்கப் பரப்புங்கள். பிறகு வேகத்தை நாலு, ஐந்துக்கு ஏற்றி, இடவலமாக ஒரு தடவை, மேல்கீழாக ஒரு தடவை என்று மாறி மாறி ஓட்டுங்கள். ஒவ்வொரு பட்டையும் முந்தைய பட்டையில் பாதியை மூட வேண்டும். நகரும் வேகம் நொடிக்கு மூன்று நாலு சென்டிமீட்டர், அதாவது உங்களுக்குப் பொறுமை போகும் அளவுக்கு மெதுவாக. புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் தரையைத் துடைப்பது போல வேகமாக ஓட்டிவிட்டு, ‘போகவே மாட்டேன் என்கிறது’ என்பார்கள். நாலு முதல் ஆறு தடவை ஓட்டினால் ஒரு சுற்று.

அழுத்தம் மெஷினின் எடையோடு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பேட் ஒட்டியிருக்கும் தட்டான பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அது சுற்றுவது தெரிந்தால் பேட் சுழல்கிறது. நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. வளைவுகளில் பேட்டைப் படுக்கையாக வைத்திருப்பதற்குக் கை பழக வேண்டும். கதவு, பக்கவாட்டுப் பகுதிகளில் மணிக்கட்டு வலிக்கும், அங்கே சின்னக் கட்டமாக எடுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் கூடுதல் கவனம் தேவை. உலோகம் சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் ஒரே இடத்தில் தேக்கி வைத்துக்கொள்ளும். அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள்.

ஒரு கட்டம் முடிந்ததும் பேட்டைப் பிரஷால் துலக்குங்கள். பழைய திரவமும் சீவிய கிளியர் கோட் தூளும் அதில் அடைந்திருக்கும், துலக்காமல் விட்டால் பேட் வழுக்கிக்கொண்டுதான் ஓடும். ஒரு பேட்டில் இரண்டு பாகம் முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

நினைத்தபடி வரவில்லையென்றால்

கோடுகள் போய், பால் படிந்த மாதிரி மங்கல் வந்தால் பயப்பட வேண்டாம். காம்பவுண்டும் கடினமான பேட்டும் விட்ட நுண்கீறல்கள் அவை. மென்மையான பேட், மென்மையான பாலிஷில் ஒரு சுற்று ஓட்டினால் தெளிந்துவிடும். கறுப்பு வண்டியில் இந்த இரண்டாம் சுற்றைத் தவிர்க்கவே முடியாது, வெள்ளையில் பல நேரம் தேவைப்படாது. பன்றி வால் போலச் சுருண்ட கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் பேட்டில் துகள் சிக்கியிருக்கிறது, பேட்டைத் தூக்கிப் போட்டுப் புதிது எடுங்கள். ரோட்டரி ஓட்டிய வண்டிகளில் விளக்கை நகர்த்தும்போது அலை அலையாக நகரும் நிழல்கள் தெரியும், அதை ஹாலோகிராம் என்பார்கள். டூயல் ஆக்‌ஷனில் இறுதிச் சுற்று ஓட்டினால் போகும். தூள் ஏராளமாகப் பறந்தால் திரவம் காய்ந்துவிட்டது, துடைக்கவே வராமல் பிசுக்காக நின்றால் திரவம் அதிகமாகிவிட்டது.

பறவை எச்சம், உப்புத் தண்ணீர்ப் புள்ளிகள் பெயின்டை அரித்து உண்டாக்கிய பள்ளங்களும் இதே முறையில் குறையும். சில தழும்புகள் கீறலை விட ஆழமாக இறங்கியிருக்கும், அவற்றை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

நகம் லேசாகத் தட்டும் ஒற்றைக் கீறலுக்கு 3000 எண் உப்புத்தாளை நீரில் ஊறவைத்து, சின்ன ரப்பர் கட்டையில் சுற்றி, அந்த இடத்தில் மட்டும் சில தடவை மெதுவாகத் தேய்ப்பார்கள். மேற்பரப்பு மங்கிவிடும், பிறகு காம்பவுண்டும் பாலிஷும் போட்டுப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தடிமன் கருவி இல்லாமல் இதில் இறங்காதீர்கள். கீறலின் கூர்மையான விளிம்புகள் மழுங்கினாலே அது கண்ணில் படுவது பெரிதும் குறைந்துவிடும், அடிமட்டம் வரை போக வேண்டியதில்லை.

மெஷின் இல்லாதவர்கள் கையால் செய்யலாமா என்றால், கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் விழும் நகக் கீறல், கதவு ஓரம் மாதிரி சின்ன இடங்களுக்குச் செய்யலாம். ஃபோம் பேட்டில் பாலிஷ் எடுத்து, சின்னப் பரப்பில், நேர்க்கோட்டில் இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும். முழு பானெட்டையும் கையால் செய்தால் தோள் போகும், கோடு போகாது.

பார்த்து உறுதி செய்து, மூடுவது

பாலிஷில் உள்ள எண்ணெய் மெல்லிய கோடுகளை மறைக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலை 10 முதல் 15 சதவீதம் வரும்படி தண்ணீரில் கலந்து தெளித்து, புதுத் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டுப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான நிலவரம். சோதனைக் கட்டத்திலும் இதைச் செய்யத் தவறாதீர்கள். எல்இடி விளக்கைப் பல கோணங்களில் பிடித்துப் பார்த்தபின், ஒரு பாகம் முடிந்ததும் வெயிலுக்குக் கொண்டுபோய் ஒருமுறை பாருங்கள். விளக்கடியில் தப்பும் கோடு வெயிலில் தப்பாது.

பாலிஷ் செய்த பெயின்ட் வெறும் பெயின்ட். அதே நாளில் மேலே ஏதாவது ஒன்று போட்டுவிட வேண்டும். மெழுகு சில வாரம் முதல் ஓரிரு மாதம் தாங்கும், செயற்கைப் பூச்சான சீலன்ட் பல மாதம், செராமிக் கோட்டிங் சரியாகப் போட்டால் வருடக் கணக்கில். செராமிக் போட்டால் கீறலே விழாது என்று சொல்வதை நம்ப வேண்டாம். அழுக்கு ஒட்டுவது குறையும், கழுவுவது சுலபமாகும், மண்ணோடு தேய்த்தால் அதுவும் கீறும். புதிதாக பெயின்ட் அடித்த பாகம் என்றால், எத்தனை நாள் கழித்து மூடலாம் என்று பெயின்ட் அடித்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்களை அன்றைக்கே மிதமான சோப்புத் தண்ணீரில் பிசைந்து கழுவி, பேட் முகம் கீழே பார்க்கும்படி நிழலில் உலர்த்துங்கள். காயவிட்டால் திரவம் உள்ளே கல்லாகிவிடும். மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாகத் துவையுங்கள், துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம், இழைகளில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். தரையில் விழுந்த துணிகளைப் பிரித்து, மூலையில் மார்க்கரால் ஒரு குறி போட்டுச் சக்கரங்களுக்கு ஒதுக்கிவிடுங்கள்.